நாலு நிமிஷ வேலை

ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து இன்னொரு கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தார் அப்பா.

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று மகளுக்குத் தெரியவில்லை.

மேஜையில் இடது பக்கம் பழசு. வலது பக்கம், போன மாதம் வாங்கிய புதுசு. அப்பா பழசில் ஒரு வார்த்தை படிப்பார். புதுசின் பக்கம் திரும்புவார். எழுத்தைத் தேடுவார். லாரிப் பட்டறையில் ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன விரலால் ஒரு குத்து. மறுபடி பழசு.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"பார்த்தா தெரியல? இதுல இருக்கறதை அதுல அடிக்கிறேன்."

"ஒவ்வொரு எழுத்தாவா? கேபிளைச் சொருகினா மொத்தமும் நாலு நிமிஷம்ப்பா! எழுந்திரிங்க, நான் பண்றேன்."

"ஒண்ணும் வேண்டாம். மேடம் போய் போனைப் பாருங்க."

பரீட்சை முடிந்து ரெண்டு மாசமாக மேடம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காக இந்தக் கூத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமா?

அம்மா வீட்டிலிருந்தே ஒரு பதிப்பகத்துக்கு டைப் அடித்துக் கொடுப்பவள். இந்தத் தடவை வந்தது கையால் எழுதிய நாவல். முந்நூறு பக்கம். பாதி முடித்திருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இன்னும் பதினைந்து நாளில் நாவல் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். போனால் போனதுதான். பத்து வருஷமாகச் செய்கிற வேலை.

அவள் நேராக அம்மாவின் அறைக்குப் போனாள்.

"அம்மா, மூணு நாள்ல பதினோரு பக்கம்! இந்த வேகத்துல போனா, உன் கட்டை அவிழ்த்த பிறகும் அவர் அடிச்சிட்டேதான் இருப்பார்."

"மெதுவாப் பேசு, காதுல விழும்."

"விழட்டும்! தெரியாததை என்கிட்ட கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்? நீ டைப் அடிக்கும்போதெல்லாம் 'மரங்கொத்தி வேலை'ன்னு கிண்டல் பண்ணது யாரு? இவர்தானே? இப்ப இவர் வீம்புல உன் வேலைதான் போகப்போகுது."

அம்மா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"அவர் போக்குல விடுடி."

"நல்லா விடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து விடுங்க."

சாயங்காலம் அம்மாவுக்கு மாத்திரை வாங்க அப்பா கிளம்பினார். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், அவள் கேபிளோடு வந்து உட்கார்ந்தாள்.

பழசு கண் திறக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குள் புதுசில் அம்மாவின் ஃபோல்டரைத் திறந்தாள், கொண்டுவந்து போட.

போட அங்கே ஒன்றும் பாக்கியில்லை.

பன்னிரண்டு அத்தியாயம். நூற்றைம்பது பக்கம். எல்லாமே ஏற்கெனவே உள்ளே இருந்தன. தேதியைப் பார்த்தாள். திங்கட்கிழமை. அப்பா விரலால் குத்த ஆரம்பித்ததே அன்றைக்குச் சாயங்காலம்தான்.

அவற்றுக்குக் கீழே தனியாக ஒரு ஃபைல். திறந்தாள். அப்பா அடித்த பதினோரு பக்கம். முதல் பக்கம் முழுக்க அம்மை போட்ட மாதிரி சிவப்பு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி. தப்பு 64. தப்பு 51. தப்பு 47... கடைசிப் பக்கத்தில், தப்பு 9.

கேபிளைக் கையில் பிடித்தபடியே அம்மாவிடம் ஓடினாள்.

"எல்லாம் திங்கட்கிழமையே ஏறியிருக்கே!"

"நான்தான் ஏத்தினேன். இடது கையால. உன்னோட நாலு நிமிஷம் எனக்கு ஏழு நிமிஷமாச்சு."

"அப்புறம் அப்பா எதுக்கு மாங்கு மாங்குன்னு அடிக்கிறார்?"

"பழகறார்."

"எதுக்கு?"

"அடிச்ச நூத்தைம்பது பக்கத்தையே பேசிட்டிருக்கியே, அடிக்காத நூத்தைம்பது பக்கம் இருக்கு. அதை யார் அடிப்பா?"

அவள் கேபிளைக் கட்டில்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"நான் அடிச்சு முடிச்ச பக்கத்தைப் பார்த்து அடிச்சா, ரெண்டையும் ஒத்துப் பார்த்து எங்க தப்புன்னு நான் சொல்லிடுவேன் இல்லையா? தப்பு அஞ்சுக்குக் கீழ வந்ததும் கையெழுத்துப் பிரதியில கை வைக்கலாம்னு இருக்கார். 'என்னால உன் பேர் கெடக்கூடாது'ன்னார்."

அந்தப் பிரதியின் தாள்கட்டு, அம்மா விழுந்த நாளிலிருந்து சோபா பக்கத்து ஸ்டூலில்தான் கிடந்தது. அதன்மேல்தான் மகள் தினமும் போனை வைத்துச் சார்ஜ் போடுவாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அடிச்சிருப்பேனே..."

சண்டைக்குத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே குரல் உள்ளே போய்விட்டது.

"நானும் உன்னைக் கேட்கலாம்னுதான் சொன்னேன். உங்கப்பாதான் விடல" என்றாள் அம்மா. "'கேட்காதே, அவளே வருவா. வந்ததும் புதுசை அவளுக்குக் கொடுத்துடு, என் வேகத்துக்குப் பழசே போதும்'னார்."