மிச்சம் இரண்டு சீட்டு

"தண்ணிக் கஷ்டம் ஜாஸ்தி மேடம். லாரி வந்தாத்தான் குளியல்," என்றார் டெஸ்மண்ட்.

காது சரியாகத்தான் கேட்கிறதா என்று யாமினிக்குச் சந்தேகம் வந்தது. பெங்களூரு சுற்றுலாக் கண்காட்சியில், பவளமேடு தீவுக்கு ஆள் பிடிக்கும் ஸ்டால் அது. தீவின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்ல அரசாங்கமே கூட்டிவந்த தீவுக்காரர் டெஸ்மண்ட். தீவு மக்களுக்கான உதவித் திட்டத்தில் வந்த கப்பலில் பாதி சீட்டு சுற்றுலாவுக்கு. வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கான அந்தப் பாதி முழுவதும் இன்று மாலைக்குள் விற்றால்தான் யாமினிக்கு வேலை நிரந்தரம்.

மல்லேஸ்வரத்து மமதா சிரித்தாள். "எங்க அபார்ட்மெண்ட்லயும் லாரிதான். ரெண்டு சீட் போடுங்க."

அடுத்து வந்தவர் ராஜேந்திரன், பீன்யாவில் பட்டறை வைத்திருப்பவர்.

"கப்பல் ஆடுற ஆட்டத்துல குடலே வெளிய வந்துடும் ஸார்."

"தினம் நம்ம ரோட்ல ஸ்கூட்டர் ஓட்டுறேன். என்கிட்டயா சொல்றீங்க? நாலு சீட்!"

"ஆறு மணிக்கெல்லாம் ஊரே தூங்கிடும்..."

"அய்யோ, அதுக்குத்தானே போறோம்!" என்று முந்திக்கொண்டது ஓர் இளைஞர் கும்பல்.

'விளம்பரம்' என்ற சொல்லுக்கு டெஸ்மண்ட் எந்த அகராதியைப் புரட்டினாரோ தெரியவில்லை. அவர் திட்டத் திட்ட, தீவு விற்றது. விற்க விற்க, அவர் முகம் வாடியது. மகிழ வேண்டிய யாமினிக்குக் குழப்பம்தான் மிஞ்சியது.

கூட்டம் ஓய்ந்ததும் கேட்டேவிட்டாள்.

"அண்ணா, சம்பளம் வாங்கிட்டு சொந்த ஊரையே இப்படித் திட்டலாமா? நான் கேஜிஎஃப்லேர்ந்து தினம் ரயில்ல நின்னுக்கிட்டே வர்றேன். யாராவது உங்க பேச்சை நம்பி சீட்டு வாங்காமப் போயிட்டா என் வேலை என்ன ஆகும்?"

டெஸ்மண்ட் தலையைக் குனிந்துகொண்டார். "எத்தனை சீட்டும்மா மிச்சம்?"

"ரெண்டு."

"அது விக்கலைன்னா எங்க ஆளுங்களுக்குக் குடுத்துடுவாங்க. பக்கத்து வீட்டு யசோதா ஆபரேஷனுக்காகக் கரைக்கு வந்திருந்தா. இப்ப புருஷனோட துறைமுகத்துலயே உட்கார்ந்திருக்கா. போன ரெண்டு கப்பல்லயும் இடமில்ல. இதுலயும் எங்க பங்கு நிரம்பிடுச்சு. கைக்குழந்தை தீவுல."

"கப்பலே உங்களுக்குக் குடுத்த உதவின்னுதானே போஸ்டர்ல போட்டிருக்கு?"

"ஆமாம்மா. முன்னாடி ஒரு பழைய படகு இருந்தது. அதுல போறதெல்லாம் நாங்க மட்டும்தான்."

யாமினி பதில் சொல்வதற்குள் ஒரு ஜோடி வந்து நின்றது. இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அடையாள அட்டை.

"ரெண்டு சீட் இருக்கா? ரொம்பக் கஷ்டமான இடமாமே, பிரெண்ட்ஸ் சொன்னாங்க. சூப்பர்!"

டெஸ்மண்ட் வாயைத் திறந்தார். யாமினி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"கஷ்டமா? யார் ஸார் சொன்னது?" முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. "மூலை முடுக்கெல்லாம் நெட்வொர்க். உங்க மேனேஜர் எப்பக் கூப்பிட்டாலும் பளிச்னு லைன் கிடைக்கும். உங்க கம்பெனி ஆளுங்ககூட நிறையப் பேர் இதே கப்பல்லதான் வர்றாங்க!"

"யோசிச்சுச் சொல்றோம் மேடம்," என்று அந்த ஜோடி அடுத்த ஸ்டாலுக்கு நடையைக் கட்டியது.