ஐம்பத்தோராவது பொடி

ஜன்னலை மறைத்த கறுப்புத் துணியைத் தாண்டி, அலங்காநல்லூர் பஸ்ஸின் ஹாரன் மட்டும் ஆய்வுக்கூடத்துக்குள் கேட்கிறது. மின்துருவத்தைத் தானே தாங்கி நிற்கும் புதிய ஃபெர்ரோ எலக்ட்ரிக் பொருளை விரைவாகக் கண்டுபிடிக்க, காலையிலிருந்து ஐம்பது பொடிகள்மேல் கண்ணுக்குத் தெரியாத லேசரைப் பாய்ச்சியாயிற்று. பச்சையாக மின்னும் பொடிதான் அடுத்த சோதனைக்குப் போகும். மங்கலான மினுக்கமும் தப்பிவிடக் கூடாதென்று பேராசிரியர் பட்டாபிராமன், லேசர் விழித்திரையைச் சுட்டுவிடாமல் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். கண்ணாடி அணிந்த மாணவி அகிலாண்டம் நோட்டோடு நிற்கிறாள். ஐம்பத்தோராவது பொடியில் பச்சை பளீரென்று துடிக்கிறது.

“இதுவும் இல்லம்மா. அடுத்தத எடு.”

“சார், இம்புட்டுப் பச்சையா எரியுதே!”

“எங்க? நடுவுல கறுப்பா ஒரு புள்ளிதான் தெரியுது,” என்று அவர் இன்னும் கிட்டே குனிகிறார். அவள் கை லேசரை அணைக்கும் சுவிட்சைத் தேடித் தடவுகிறது.