கட்டியவர் பெயர்

"இது செல்லாதும்மா. இந்தப் பொண்ணோட ஃபீஸுக்கு அப்பா பேர்ல ஏற்கெனவே படிவம் வந்தாச்சு."

கணக்குப் பிரிவு எழுத்தர் தலை நிமிராமல் சொல்லிவிட்டு, தாளை ஜன்னல் வழியே திருப்பித் தள்ளினார்.

கிரேன் ஓட்டுகிறவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

தேநீர் இடைவேளையின் பதினைந்து நிமிடத்தை நம்பி, முப்பதடி உயரக் கூண்டிலிருந்து இறங்கி வந்திருந்தாள். ஏணியின் கிரீஸ்கூட இன்னும் கையை விட்டுப் போகவில்லை. கல்லூரிக் கட்டணத்தைக் காட்டி வருமான வரிக்கழிவு பெறச் சான்று கொடுக்க இன்றுதான் கடைசி நாள். மகளுக்கோ கல்லூரியில் இதுவே கடைசி வருடம்.

போன மூன்று வருடமும் கழிவு அப்பா பெயரில்தான் போனது. 'தனி ஆளா நின்னு பொண்ணைப் படிக்க வைக்கிற மனுஷன்' என்று பார்க்கிறவர்களெல்லாம் அவரைத்தான் மெச்சினார்கள். கூடுதல் ஷிஃப்ட் பார்த்து முதுகு ஒடிந்தது இவளுக்கு.

இரண்டு பருவத்து ரசீதுகளையும் வங்கிக் கணக்குத் தாளையும் ஜன்னல் பலகையில் பரப்பினாள்.

"யாரு கட்டினாங்களோ அவங்கதான் கழிக்கலாம்னு உங்க படிவத்துலயே போட்டிருக்கு, சார். பணம் யாரு கணக்குல இருந்து போயிருக்கு? சத்தமா படிங்க."

அவர் படிக்கவில்லை. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற ஃபிட்டர் எட்டிப் பார்த்துப் படித்தேவிட்டான். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாதவன்.

"எல்லாத்துலயும் உங்க பேருதானே இருக்கு! யாருக்கா உங்க வீட்டுக்காரர்? ஊரான் வீட்டு நெய்யேன்னு சொல்வாங்க. இவரு சொந்தப் பொண்டாட்டி நெய்யையே அள்ளியிருக்காரே!"

வரிசையில் இருந்த மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

எழுத்தரின் காது சிவந்தது. ஜன்னல் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"விடு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"மூணு வருஷமா வீட்டுலதாங்க பேசினேன்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் பேனா மூடியைத் திருகித் திறந்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து தன்னுடைய படிவத்தை வெளியே எடுத்தார். மகளின் பெயர் இருந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அவளுடைய தாளில் முத்திரை குத்தினார்.

ஃபிட்டர் சத்தமில்லாமல் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டான்.

அவள் நகரவில்லை. ஜன்னலுக்குள் கையை நீட்டினாள்.

"நகல் ஒண்ணு குடுங்க."