நான்கு விரல் கீழே

மாமனாரின் குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டியெடுத்தாகிவிட்டது. இனி காற்றுப் பிரிந்தால்தான் சாப்பாடு. முழங்காலுக்குக் கீழே அவருடைய விரல்களாலேயே நான்கு விரல் அளந்து, அதற்கென்று அக்குபிரஷர்காரர் காட்டிக்கொடுத்த இடத்தில் மருமகன் கட்டைவிரலை ஊன்றி அழுத்திக்கொண்டிருக்கிறான். ஜன்னல் வெயில் சலைன் பாட்டிலில் புகுந்து போர்வையின்மேல் நடுங்குகிறது. வயிற்றுக்குள் என்னவோ கடகடவென்று உருள்கிறது. இருவருமே அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை எதிரில் காலைக்கூட நீட்டி உட்காராத மனுஷர், இப்போது பல்லைக் கடித்துக்கொள்கிறார். "வலிக்குதா மாமா?" "இல்ல மாப்ள." "இன்னும் கொஞ்சம் அழுத்தட்டுமா?" அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். "போதும். நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க." மருமகன் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்துகிறான். டீக்கடைப் பக்கம் போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவில் காதை வைத்து நிற்கிறான்.