எருக்குக்கு ஒரு தொட்டி

2079, ஆவணி 14. எங்கள் குடியிருப்பின் தோட்டப் பொறி, என் மனைவி கோமளவல்லி பால்கனித் தொட்டியில் வளர்த்த எருக்கஞ்செடியை இன்று காலை வேரோடு பிடுங்கிச் சென்றுவிட்டது. புழு அரித்த இலையெல்லாம் அதன் கணக்கில் நோய்.

பக்கத்து வீட்டு மரகதம் ஆறுதல் சொல்ல வந்தார். "போகட்டும் விடுங்கக்கா. வீட்டுல யாராவது எருக்கு வைப்பாங்களா? எங்க செம்பருத்தி மாதிரி வாங்கி வைங்க. வாடாது, புழு அண்டாது."

"புழுகூட அண்டாத செடிக்கு இலை எதுக்கு மரகதம்?" என்றாள் கோமளம். "பசிக்குச் சாப்பிட வந்த பிள்ளைங்களையும் சேர்த்துல்ல தூக்கிட்டுப் போயிடுச்சு."

ஒன்று மட்டும் தப்பியிருந்தது. பால்கனிக் கம்பியில் சிறு மணிபோல் தொங்கிய கூடு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லப் பிளந்தது. செம்மஞ்சள் சிறகுகள் உலர்ந்ததும் பட்டாம்பூச்சி எழுந்து, கீழே வாடாமல் நிற்கும் மலர்ப்பாத்திகளின்மேல் மிதந்தது. ஒரு பூவிலும் அது அமரவில்லை. திரும்பி வந்து வெறுந்தொட்டியைச் சுற்றியது. பிறகு கோமளத்தின் விரலில் சற்றே இளைப்பாறியது.

"முட்டை வைக்க இங்க இலை இல்லடி கண்ணு," என்று அவள் அதனிடம் சொன்னாள்.

அது உங்கள் தெருப்பக்கம் பறந்து போயிருக்கிறது. வந்து சேர்வதற்குள் உங்கள் வீட்டில் ஓர் எருக்கை நட்டுவையுங்கள். பொறி வந்தால் கதவைத் திறக்காதீர்கள்.