மடித்த காதுகள்

ஆற்றின் நடுவே ஒரு தீவில் முயல்கள் வாழ்ந்து வந்தன. முன்னொரு காலத்தில் அக்கரைப் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டு, அதனால் மூண்ட சண்டையில் பாதிக் குலத்தை இழந்தவை அவை. அன்று முதல் காதுகளை முதுகோடு மடித்து வைத்திருப்பதே அவற்றின் நோன்பாயிற்று. அந்திதோறும் நீர் குடிக்க வரும் நண்பர் யானையார்தாம் அக்கரைச் செய்தி சொல்வார்: "பயப்பட ஒன்றுமில்லை."

அவ்வாண்டுக் கோடையில் ஆறு முழங்காலளவாய் வற்றியது. குட்டிகளோ கரைமணலில் விளையாடிக்கொண்டிருந்தன. முயல்களின் தலைவன் செங்கோடனுக்கு மனம் நிலைகொள்ளவில்லை. அந்தியில் நீர் குடிக்க வந்த யானையாரிடம் கேட்டான்:

"அண்ணா, அக்கரையில் நரி ஏதேனும் தென்பட்டதா?"

"தென்பட்டதே. சில நாளாக ஒரு கூட்டமே கரையோரம் படுத்திருக்கிறது."

"பயப்பட ஒன்றுமில்லை என்றீர்களே."

"நரிக்குப் போய் யாராவது பயப்படுவார்களா, தம்பி?" என்று யானையார் கள்ளமின்றிச் சிரித்தார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பது செங்கோடனுக்குத் தெரியும். அவன் மெல்லக் காதுகளை நிமிர்த்தினான்.

"நோன்பை முறிக்கிறாயே, பழைய புத்தி திரும்பிவிட்டால்?" என்று மூத்தவள் மருதி தடுத்தாள்.

"திரும்பினால், இறைவன் தந்த இந்தக் காதை நீங்களே திருகுங்கள், அத்தை. இப்போது சற்றுப் பேசாதிருங்கள்."

நெடுநாள் மடிந்திருந்த காதுகள் வலித்தன. முதலில் நீரின் சலசலப்புக் கேட்டது. பிறகு அதனுள்ளே, மெல்ல எடுத்துவைக்கும் காலடிகள். செங்கோடன் பின்காலால் தரையை அறைந்தான். குட்டிகள் வளைக்குள் பாய்ந்தன. நரிகள் கரையேறியபோது மணல் வெறுமையாய்க் கிடந்தது.

வளையின் இருட்டில், குட்டிகளை அணைத்தபடி, மருதி ஒரு காதை மட்டும் நிமிர்த்திப் பார்த்தாள்.