வசியம்

"எந்திரிங்க, ஏழு மணியாச்சு," என்றாள் ரிஃபானா.

ரிஃபாய் எழுந்தான். பல் தேய்த்தான். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, இரண்டு குடம் பிடித்து வைத்தான். டீ போட்டான். வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

"சீனி போட மறந்துட்டேன்."

"அதனால என்னங்க."

கல்யாணமான புதிதில் டீயில் சீனி குறைந்தால் அன்னவாசல் கடைத்தெரு வரைக்கும் அவள் சத்தம் கேட்கும். அவன் மிச்ச டீயையும் அப்படியே குடித்தான்.

முன்னறைதான் அவனுக்கு ஆபீஸ். திருச்சியில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக வீடியோ கேம் செய்துகொண்டிருந்தான். லேப்டாப்பைத் திறந்ததுமே மேனேஜர் சோலையப்பன் போனில் வந்துவிட்டார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க? வசிய மந்திரம் போட்டா, கூட வர்ற பொண்ணு சொன்னதெல்லாம் கேக்குறா. அது சரி. ஆனா ஒவ்வொரு தடவ போடும்போதும் அவ சொந்தப் பேச்சு ஒன்னு அழிஞ்சு போவுதாமே?"

"ஆமா சார்."

"கேலி பண்றது, திட்டுறது, எல்லாம்?"

"எல்லாந்தான்."

"திரும்ப மொதல்லேருந்து ஆடுனாலும் வரலையாம்."

"வராது சார்."

"கடைசில 'சரி'ங்கிறதத் தவிர அவ வாயே தொறக்கலையாம். ஆடிப் பாக்க நாம விட்ட பய ஒருத்தன் அழுதே போட்டான். காசு குடுத்து அழுவானா எவனாச்சும்?"

"வசியம் போட்டா ஏதாவது போகணும்ல சார்."

"போகட்டும். ரெண்டு உயிரக் கொறைங்க. வாளப் புடுங்குங்க. பொம்பள எதுத்துப் பேசலைன்னா நஷ்டம்னு கல்யாணம் ஆனவன் எவன்யா ஒத்துக்குவான்?"

சோலையப்பன் சிரித்தார். பாதியில் நிறுத்தி, தொண்டையைச் செருமினார்.

"மதியத்துக்குள்ள அத மாத்திருங்க ரிஃபாய். இல்லன்னா ஆளையே மாத்தச் சொல்லிட்டாங்க மேல. நான் ஒன்னும் செய்ய முடியாது."

போன் அடங்கியது. வெளியே கீரனூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"வேலை போயிரும் போல," என்றான் ரிஃபாய்.

"கவலப்படாதீங்க," என்றாள் ரிஃபானா.

"மாத்திரவா?"

"மாத்துங்க. நல்லதுதான்."

"மாத்தலைன்னா?"

"அதுவும் நல்லதுதாங்க."

"வீட்டு வாடகைக்கு என்ன பண்ணுவேன்னு கேக்க மாட்டியா?"

"ஒங்களுக்குத் தெரியாததாங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கி எழுந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் உடம்பு அசந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவ மாட்டேன்னு சொல்லு ரிஃபானா."

"சரிங்க."

அவன் கண்ணைத் திறந்தான். பிறகு சோலையப்பனுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினான்: 'மாத்த முடியாது சார், மன்னிச்சிருங்க.'

அனுப்பிய கையோடு, லேப்டாப்பில் இன்னொரு பக்கத்தைத் திறந்தான். ரிஃபானாவை அடக்கம் செய்த மாதத்தில், அவள் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ்களைக் கொடுத்து அவன் உருவாக்கிய குரல் அதில்தான் இருந்தது. அழிக்கும் பொத்தானை அழுத்தியதும், அழித்துவிடலாமா என்று திரை கேட்டது. ஆம் என்று தட்டினான்.

வீடு அமைதியானது. போனை எடுத்து, தொண்டை ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப் போகும் முன் அவள் அனுப்பிய கடைசி மெசேஜைப் போட்டான்.

"ஏங்க, எனக்குக் கொரல் போயிருச்சுன்னா, மெஷின்ல ஒன்னு செஞ்சு என்னையப் பேச வச்சுராதீங்க. அப்பறம் எல்லாச் சண்டையிலயும் நீங்கதான் ஜெயிப்பீங்க."